இல்லாத தொகுதிக்கு ஓர் அமைப்பாளர்

பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரமாக ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கும் இருளப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. கோயில் திருவிழா, பௌத்த பன்சலையில் பிரித் ஓதல், பெருநாள், கல்யாணம், செத்த வீடு என்று எல்லா மதத்துக்கும் எல்லாச் சுகதுக்கத்துக்கும் சவுண்டு போட்டவர். எல்லாக் கட்சிக் கூட்டங்களுக்கும் போட்டவர். ஆனால் அவர் மைக்கைப் பிடித்துப் பேசியது ஒரே கட்சியின் மேடையில்தான், பேசியதும் ஒரே பேச்சுத்தான். அது மெதகந்தைத் தொகுதியின் வரலாறு.

மெதகந்தைத் தொகுதி என்று ஒன்று இருந்தது. ஹந்தானை மலைச்சரிவில் பாதியும், அதற்குக் கீழே வயலும் கடைத்தெருவுமாக மீதியும் சேர்ந்தது. அதற்கென்று நாடாளுமன்றத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டில் புது அரசியலமைப்பு வந்து, மாவட்டம் முழுவதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டது. எழுபத்தேழில் ஜெயித்தவர்தான் அந்தத் தொகுதியின் கடைசி எம்.பி. இது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும், கட்சிகளுக்கு மட்டும் தெரியாது. இன்றைக்கும் ஒவ்வொரு கட்சியும் இந்த மாதிரி இல்லாத தொகுதிகளுக்கெல்லாம் மெனக்கெட்டு அமைப்பாளர் போடுகிறது. அதற்குச் சம்பளம் கிடையாது. முன்வரிசையில் கதிரை உண்டு, பேனரில் படம் உண்டு, மாலை உண்டு, காணி எல்லைக் கல்லுக்குச் சண்டை பிடித்தவன் முதல் குழாயில் தண்ணீர் வராதவன் வரை வீட்டு வாசலில் வந்து நிற்பான். அந்தப் பதவிக்குத்தான் இருளப்பன் இருபது வருடமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அவருடைய ஆசையைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய தாத்தா நாற்பத்தேழில் மெதகந்தையில் வாக்குப் போட்டவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து மேளத்தோடு போய்ப் போட்டார்களாம். அடுத்த வருடமே, இந்தியாவிலிருந்து வந்த தோட்டச் சனத்துக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்தது, அதன் பின்னாலேயே வாக்கும் போயிற்று. அதற்குப் பிறகு தாத்தாவும் அப்பாவும் தொகுதியில் இருந்தார்கள், தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இல்லை. எத்தனை சனம் இருக்கிறது என்று பார்த்து எல்லை கீறியபோது தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருந்த சனத்தையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். இருளப்பன் இதை மேடையில் சொல்லும் விதமே வேறு. "எல்ல போடும்போது தலைய எண்ணிக்கிட்டாங்க, வோட்டுப் போடும்போது கைய வேணான்னுட்டாங்க" என்பார். இந்த இடத்தில் ஒரு நிறுத்தம். கைதட்டல் வந்தே தீரும். வராவிட்டால் இன்னொரு தரம் சொல்வார்.

எண்பத்தெட்டில் குடியுரிமை திரும்பி வந்தது. அடுத்த வருடம் நடந்த தேர்தலில், இருளப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அதிகாலையிலேயே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். வாக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து, விரல் மையை ஊதிக்கொண்டே, "நம்ம மெதகந்தைக்கு யாரு சார் நிக்கிறாங்க?" என்று அங்கிருந்த உத்தியோகத்தரைக் கேட்டார். அப்படி ஒரு தொகுதியே இனி இல்லை, மாவட்டத்துக்குத்தான் வாக்கு என்று அவர் சொன்னார். தொகுதி இருந்தபோது வாக்கு இல்லை, வாக்கு வந்தபோது தொகுதி இல்லை. அந்த ஆத்திரம்தான் இருளப்பனைக் கட்சிக்காரர் ஆக்கியது. ஆத்திரத்தில் ஒரு பேச்சும் தயாராயிற்று. அதன் பிறகு அந்தப் பேச்சு தேய்ந்துபோகும்வரை அவர் அதை விடவேயில்லை.

பழைய அமைப்பாளர் போன வருடம் வேறு கட்சிக்குத் தாவிப் போனார். கட்சியின் மாவட்டச் செயலாளர் பரமநாதன் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் படிப்பித்து ஓய்வு பெற்ற மனுசன், நிதானமாகப் பேசுவார்.

"இருளப்பன், அமைப்பாளர் பதவிக்கு உங்கட பக்கத்தில இருந்து ரெண்டு பேர் தாங்கோ. அதில ஒராள் பொம்பிளையா இருக்க வேணும். மேலிடம் சொல்லிப்போட்டுது."

இருளப்பன் கணக்குப் போட்டார். வேறு எந்தப் பெண்ணின் பெயரைக் கொடுத்தாலும் அவளுக்கு ஒரு புருசன் இருப்பான், அண்ணன் இருப்பான், அவன் கட்சிக்குள்ளே ஓடித்திரிவான். தன் பெண்சாதியின் பெயரைக் கொடுத்தால் வம்பில்லை. "ராக்கம்மான்னு எழுதிக்கிங்க சார்" என்றார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

பத்து நாள் கழித்துப் பரமநாதன் மறுபடி எடுத்தார். "இந்தமுறை எங்களுக்குப் பொம்பிளையள் முன்னுக்கு வரவேணும் எண்டு முடிவு. உங்கட மனிசியையே போட்டிருக்கிறம். நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்துக்கொள்ளுங்கோ."

ராக்கம்மா முப்பது வருடமாக ஹந்தானைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா பார்த்தவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இன்றைக்குத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்களில் பாதிப் பேரும், கொழும்புக் கடைகளில் நிற்பவர்களில் மீதிப் பேரும் அவள் மடியில் மூத்திரம் பெய்தவர்கள்தான். கட்சி அதைப் பார்த்துத்தான் போட்டது. இருளப்பன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. பெயர் நிரப்பக் கொடுத்த பெயர், தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்பதுதான் அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து மனுசனுக்கு வயிற்றெரிச்சல். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பெண்சாதி மேல் பொறாமை. வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்தால் பொறாமை. தொலைபேசியை அவர் எடுத்ததும் மறுமுனையில் "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டால் பொறாமை. பேனரில் அவள் படம் மட்டும் பெரிதாக வந்தது. புடவைத் தலைப்பு சரியாக இல்லை, கண் ஒரு பக்கம் பார்க்கிறது என்று அந்தப் படத்தில் நாலு குறை கண்டுபிடித்தார். பேனரைக் கட்டக் கயிறு கொடுத்தது அவர்தான், கம்பத்தில் ஏறியதும் அவர்தான்.

கடைக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் இல்ஹாம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "வாங்க, அமைப்பாளரம்மாட மாப்புள. பிளேன்டீயா, பால்டீயா?" என்று ஒருநாள் காலையில் கேட்டார். இருளப்பன் இரண்டும் வேண்டாமென்று திரும்பி நடந்தார். பழகிய நாக்கு விடவில்லை, பத்து நிமிடத்தில் மறுபடி போய் பிளேன்டீ குடித்தார்.

ராக்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்றால், தெரியாமல் ஒரு குடித்தனம் நடக்குமா? அவள் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்துக்குப் போகும்போது அவருக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள்.

இப்படியிருக்கும்போது கட்சி ஒரு கூட்டம் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிலிமத்தலாவையில் ஒரு மண்டபம். மெதகந்தைத் தொகுதியின் கதையை இளசுகளுக்குச் சொல்வதுதான் நோக்கம். கேள்விப்பட்டதும் இருளப்பனுக்கு உயிர் வந்தது. தொகுதி வரலாறு என்றால் அவரை விட்டால் யார்? வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு வைத்தார். நிறுத்தம் வைக்கும் இடத்தைக் கண்ணாடி முன்னால் நின்று இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பரமநாதன் கடைக்கு வந்தார். "வரலாற்றை இந்தமுறை ராக்கம்மா பேசட்டும். அமைப்பாளர் எல்லே. உங்கட பேச்சு எல்லாருக்கும் பாடம். சவுண்ட் உங்கடதானே, அதை வடிவாச் செய்யுங்கோ."

"ஆகட்டும் சார்" என்றார் இருளப்பன்.

அன்றைக்குப் பொழுது சாயும்போது ராக்கம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, எனக்கு வருசமெல்லாம் நெனப்புல நிக்காது. எப்ப தொகுதி வந்துச்சு, எப்ப போச்சு, கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

இருபது வருடமாக யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவர் அவர். கேட்டவள் இவளாகப் போய்விட்டாள்.

"ஒனக்கு வர்றதப் பேசு. அமைப்பாளருக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?"

"சரி, எனக்கு வர்றதப் பேசுறேன்" என்று எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மின்வெட்டு. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரை வைத்து, உள்ளே மூலையில் அம்ப்ளிஃபயரை வைத்து வயர் இழுத்தார் இருளப்பன். கதிரைகள் நிறைந்துவிட்டன. ஹந்தானையிலிருந்து பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர் பேசிய எந்தக் கூட்டத்துக்கும் வேன் வந்ததில்லை. பரமநாதன் வரவேற்றார், நன்றாகக் கேட்டது. இன்னொருவர் வாழ்த்தினார், அதுவும் நன்றாகக் கேட்டது. ராக்கம்மா எழுந்து மைக்குக்கு முன்னால் வந்து கும்பிட்டாள்.

இவர் இரண்டு தரம் சொல்லி வாங்கும் கைதட்டல், அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே வந்தது. இருளப்பனின் கை தானாகவே கீழே போய் மைக் வயரின் இணைப்பைப் பாதி கழற்றியது. வேண்டுமென்றுதான் செய்தார். அதற்குமேல் அதற்குப் பூச்சு பூச நான் தயாரில்லை.

சத்தம் செத்தது. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. "ஜெனரேட்டர்ல ஒரு சின்னக் கோளாறு, இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு விறுவிறுவென்று மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டார். ஜெனரேட்டர் ஒரு குறையும் இல்லாமல் காதைக் கிழித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் குந்தி ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். அவள் ரெண்டு நிமிடம் திணறட்டும், "எங்க வீட்டுக்காரரே பேசட்டும்" என்று இறங்கட்டும், பிறகு போய்ச் சரிசெய்யலாம் என்பது ஏற்பாடு.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. மைக்கை விட்டு விலகி மேடையின் விளிம்புக்கு வந்து நின்றிருந்தாள். பின்வரிசைக்காரர்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். அவள் வாய் அசைவது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. கையை மடித்து எதையோ நெஞ்சோடு அணைக்கிற மாதிரி காட்டினாள். சிறிது நேரம் கழித்து மண்டபம் முழுவதும் சிரித்தது. உளறுகிறாள், சிரிக்கிறார்கள் என்று இருளப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெற்றிலையை நிதானமாக மென்றார். எச்சிலைத் துப்பிவிட்டு உள்ளே போய் வயரைச் செருகியபோது, அவள் மைக்குக்குத் திரும்பி வந்திருந்தாள், ஹார்ன் இரண்டிலும் "நன்றி" என்ற ஒரு சொல் மட்டும் கணீரென்று வந்தது. அவள் பேச்சு முடிந்திருந்தது.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. ஹந்தானைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பரமநாதன் மேடையை விட்டு இறங்கி நேரே இருளப்பனிடம் வந்து அவர் கையைப் பிடித்தார்.

"இவ்வளவு காலமும் இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை, இருளப்பன்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே."

"எதுக்கும் ஒரு நேரம் வரணும்ல சார்" என்றார் இருளப்பன். என்ன நேரம், எதைச் சொல்ல என்று அவருக்கே தெரியாது.

கதிரைகளை அடுக்கி ஏற்றிவிட்டு இல்ஹாமின் கடைக்குப் போனார். இல்ஹாமும் கூட்டத்தில் இருந்தவர். இன்றைக்குக் கேலி ஒன்றும் வரவில்லை, கேட்காமலே பால்டீ வந்தது.

"நான் ஜெனரேட்டர்ல நின்னுட்டேன். கொஞ்சம் விட்டுப் போச்சு. என்ன பேசுனா?"

இல்ஹாம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எத சொன்னா, எத விட்டான்னு கேக்குறேன்."

இல்ஹாம் சொன்னார். எழுபத்தேழுத் தேர்தலில் மெதகந்தையில் ஒரு ஆள் ஜெயித்தார். ராக்கம்மா அப்போது சின்னப் பிள்ளை. பிறகு தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது, லயத்துக்கு ஆட்கள் வந்தார்கள். நீங்கள் யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்று அவளுடைய அப்பாவைக் கேட்டார்கள். எங்களுக்கு வாக்கே இல்லை என்று அவர் சொன்னார். நம்பவில்லை. போடாத வாக்குக்கு அவரை அடித்தார்கள். அடிபட்ட அப்பாவிடம் அம்மா ஓடினாள். ராக்கம்மா கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளே இறங்கி, தண்ணீர் ஓடுகிற கானில் படுத்துக்கொண்டாள். தம்பி அழப் பார்த்தான். அவன் வாயை விடியும்வரை கையால் பொத்தினாள். விடிந்து கையை எடுத்தபோது அவன் அசையவில்லை.

"செத்துட்டான்னே நெனச்சாங்களாம். பொறகு ஒரு அழுகை அழுதானாம்" என்றார் இல்ஹாம். "அந்தச் சத்தத்தத் திரும்பத் திரும்பக் கேக்கத்தான் பிள்ளக் காம்பராவுக்கு வேலைக்குப் போனேன்னு சென்னாங்க. புள்ளையள் அழுதா மத்தவங்களுக்குத் தலவலி, எனக்குத் தூக்கம் வரும்னாங்க."

இருளப்பன் பால்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியை அவருக்கு நன்றாகத் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் லொறி ஓட்டுகிறான், வருடத்துக்கு நாலு தரம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். முப்பது வருடத்துக்கு மேலாகப் பக்கத்தில் படுத்திருந்தவள் இதை அவரிடம் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

"அப்ப எதுக்கு சிரிச்சாங்க? நடுவுல சிரிச்சாங்களே."

இல்ஹாம் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். "அது ஒங்களப் பத்தி."

"சொல்லுங்க."

"கலியாணம் முடிச்ச புதுசுல இத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வாயெடுத்தேன், அவரு தொகுதி வரலாறு சொல்லிக்கிட்டிருந்தாரு, இன்னும் முடிக்கல, அப்டின்னாங்க."

இருளப்பன் தேநீரைக் குடிக்கவில்லை. இல்ஹாம் காசும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது வாசல் நிறையச் செருப்பு. ஆட்கள் போகும்வரை அவர் பின்பக்கமே இருந்தார். அன்றைக்கு அவளுடன் பேச வழி பிறக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது போய் அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணமான காலத்திலிருந்து அவர் அங்கே வந்து உட்கார்ந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

"நேத்து பேசுனத எனக்குச் சொல்லு" என்றார்.

ராக்கம்மா திரும்பிப் பார்த்தாள். "கேக்கலியா? நீங்கதான சவுண்டு போட்டீங்க."

வயரைக் கழற்றியது நான்தான் என்று இருளப்பனின் வாய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு அதை அவர் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

"இல்ஹாம் சொன்னான். நீ சொல்லிக் கேக்கணும்" என்றார் இருளப்பன். இந்த ஒரு தரம் அவர் குரலில் மேடை இல்லை.

அவளுக்கும் மனம் இளகியிருக்க வேண்டும். அடுப்பைத் தணித்தாள். கையிலிருந்த மாவை உதிர்த்துவிட்டு அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கு எட்டு வயசுங்க. தேர்தல் முடிஞ்சு ஒரு கெழம இருக்கும். எங்கப்பா வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துலேருந்து வந்து..."

"ஒரு கெழம இல்ல" என்றார் இருளப்பன். "தேர்தல் ஜூலை இருபத்தொண்ணு. கலவரம் ஆகஸ்டு நடுவுல. அப்ப நாலு கெழம."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. ராக்கம்மா கோபப்படவில்லை. எழுந்து அடுப்பைக் கூட்டி, ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

"அதான் எல்லாம் தெரிஞ்சிருக்கே" என்றாள். "சம்பல் அந்தச் சட்டியில இருக்கு, போட்டுக்கிங்க."

"இல்ல, நீ சொல்லு. நான் இனி பேசல."

"எனக்கு நேரமாச்சுங்க. கட்டுகஸ்தோட்டைக்குப் போகணும், ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

அவள் புடவை மாற்றிக்கொண்டு வெளியே போனாள். தெருவில் யாரோ "அமைப்பாளரம்மா" என்று கூப்பிட்டார்கள், அவள் சிரித்துக்கொண்டு பதில் சொல்வது உள்ளே கேட்டது. இருளப்பன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதவி மேல் இருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. நேற்று கதிரைகளைத் தூக்கிக்கொண்டு அவள் வாயால் கேட்க அவளுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்களே, அந்த மண்டபத்துச் சனம் ஒவ்வொருவர் மேலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.